இருபத்து மூணாம் நம்பர்

மலையில் ஒக்நாம் வழி தவறிப் போனாள் என்று ஜேசொன் சந்தை முழுக்கப் பேச்சு. என்னை விட்டுவிட்டு வந்தார்கள் என்று ஒக்நாம் சொன்னாள். அந்தப் பக்கம் முப்பத்தேழு பேர், இந்தப் பக்கம் அறுபத்து நாலு வயதுக் கருவாட்டுக்காரி ஒருத்தி. ஏழை சொல்லே அம்பலம் ஏறாது என்பார்கள். கருவாட்டுக்காரி சொல்லுக்கு முதல் படியில் கால் வைக்கக்கூட இடம் கிடைக்கவில்லை.

பியோ ஒக்நாம் சந்தையின் மூன்றாவது சந்தில் முப்பத்தாறு வருஷமாக நெத்திலியும் கடற்பாசியும் கயிற்றில் கோத்த மியொங்தே மீனும் விற்கிறாள். ஆள் குட்டை. குரல் மட்டும் நாலு கடை தாண்டிக் கேட்கும். கடைக்கு வருகிறவர்கள் மீனைத் தொட்டுப் பார்க்கலாம், முகரலாம். விலையைப் பற்றி முகம் சுளித்தால் மீன் திரும்பக் கூடைக்குள் போய்விடும். பிடிச்ச முயலுக்கு மூணே கால் என்று சந்தையில் யாரைச் சொன்னாலும் எல்லோரும் அவள் கடைப் பக்கம்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் மலைக்குப் போக ஆரம்பித்ததே ஒரு சோற்றுப் பெட்டியால்தான். சந்தைக் கடைக்காரர்களுக்கென்று சொல்பரம் மலையேற்றச் சங்கம் என்று ஒன்று உண்டு. மாதம் ஒரு ஞாயிறு, ஒரு பஸ், ஒரு மலை. முதலில் அதில் சேர்ந்தவன் அவள் புருஷன் சாங்கில். பதினைந்து வருஷத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சோற்றுப் பெட்டியை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனான். மறந்தது அவன், போனில் வசவு வாங்கியது இவள். ஒக்நாம் பெட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு டவுன் பஸ் ஏறி, மலைக்கு மறுபக்கத்தில் இறங்கி, சந்தையில் மீன் தண்ணீரில் நிற்கப் போட்டுக்கொள்ளும் ரப்பர் பூட்ஸோடு ஏறினாள். சாங்கில் நாற்பது பேரோடு மூச்சிரைக்க உச்சிக்கு வந்தபோது உச்சிக்கல் மேல் உட்கார்ந்து அவன் சோற்றில் பாதியை முடித்திருந்தாள்.

"ஏன் இவ்ளோ லேட்டு? சோறு ஆறிப்போச்சு" என்றாள்.

அங்கேயே அவள் பெயரைச் சங்கத்தில் எழுதிக்கொண்டார்கள். அடுத்த மாதமே சாங்கில் விலகிவிட்டான். "பொண்டாட்டி பின்னாடி ஏற நான் என்ன ஆட்டுக்குட்டியா?" என்று கேட்டானாம். நாலு வருஷத்துக்கு முன் அவன் போய்ச் சேர்ந்தான். காரியம் முடிந்த மறுமாதமே அவள் பஸ் ஏறினாள். அதற்கும் சந்தை பேசத்தான் செய்தது.

சங்கத்தில் இரண்டு வழக்கங்கள் உண்டு. அவை இல்லாவிட்டால் இந்தக் கதையே இல்லை. முதலாவது, வழிக்காகிதம். எல்லோருக்கும் முன்னால் போகிற முன்தலைவர் வழி பிரியும் இடத்தில் எல்லாம் அம்புக்குறி போட்ட காகிதம் ஒன்றைத் தரையில் வைத்து அதன்மேல் கல்லை வைத்துவிட்டுப் போவார். கடைசியாக வரும் பின்தலைவர் அவற்றைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டே வருவார். மலையில் குப்பை சேரக்கூடாது அல்லவா? அதனால் காகிதத்தை எடுத்தாயிற்று என்றால் அதற்குப் பின்னால் நம் ஆள் யாரும் இல்லை என்று அர்த்தம்.

இரண்டாவது, நம்பர். பஸ்ஸில் அவரவர் இருக்கை எண்தான் அன்றைக்கு அவரவர் பெயர். நிற்கும் இடத்தில் எல்லாம் வரிசையாக எண்ணைக் கத்த வேண்டும். ஒக்நாமுக்கு எப்போதும் இருபத்து மூன்று. பக்கத்து இருக்கை, இருபத்து நாலு, பொத்தான் கடை கும்ஹியுடையது. முப்பத்தெட்டு பின்தலைவர் மான்ஹோ. அவன் தன் எண்ணைச் சொல்லி, கூடவே "கடைசி!" என்று கத்துவான். அந்த வார்த்தை வந்த பிறகுதான் கூட்டம் நகரும், சோற்றுப் பெட்டி திறக்கும். அடுத்தவர் எண்ணைப் பொய்யாகச் சொன்னால் சொன்னவர் பெயரைச் சங்கத்திலிருந்து அடித்துவிடுவார்கள். விதி அப்படி.

விதி அப்படி இருந்தும் பெண்கள் ஒருத்திக்கொருத்தி எண் சொல்லிக்கொண்டார்கள். அதற்குக் காரணம் மான்ஹோவின் வாய். ஆம்பளைக்கு ஒதுங்க ஒரு மரம் போதும், முதுகைத் திருப்பினால் ஆயிற்று. பெண்ணுக்குப் பாறை வேண்டும், பாறைக்கு அப்பால் சரிவு வேண்டும், போட்டிருக்கிற மூன்று அடுக்குத் துணியை அவிழ்த்து மாட்ட நேரம் வேண்டும். யாராவது தயங்கி நின்றால் மான்ஹோ மலை முழுக்கக் கேட்கிற மாதிரி, "பதினேழாம் நம்பர் பாசனத்துக்குத் தண்ணி விடப் போகுது! எல்லாரும் பொறுங்க!" என்று கத்துவான். ஆண்கள் சிரிப்பார்கள். ஐம்பத்தெட்டு வயது, பைப் கடை முதலாளி, அவனுக்கு இது தமாஷ். அதனால் பெண்கள் சத்தமில்லாமல் ஒதுங்குவார்கள். எண் கேட்டால் பக்கத்தில் இருப்பவள் குரலை மாற்றிச் சொல்லிவிடுவாள். ஒதுங்கினவள் ஓடி வந்து சேர்ந்துகொள்வாள்.

அக்டோபரில் மேபொங் மலை. மூவழிக் கணவாய்க்குக் கொஞ்சம் முன்னால் ஒக்நாம் கும்ஹியின் கையைக் கிள்ளினாள்.

"நான் ஒதுங்கிட்டு வரேன். அந்த வாய்க்காரன்கிட்ட மூச்சு விடாதே."

"சரிக்கா. போனைக் குடுத்துட்டுப் போங்க, என்னோடது செத்துப்போச்சு. அந்த மேப்பிள் மரத்தைப் படம் பிடிக்கணும்."

போனைக் கொடுத்துவிட்டு ஒக்நாம் பாறைக்குப் பின்னால் இறங்கினாள். மேலே மான்ஹோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு தாண்டிப் போவது கேட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. முட்டிக்குப் போட்டிருந்த பட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டு மேலே வரப் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். கணவாயில் மூன்று வழிகள் இருந்தன. காகிதம் எதிலும் இல்லை. காகிதம் வைத்த கல் மட்டும் அடிப்பக்கம் ஈரம் தெரியப் புரண்டு கிடந்தது.

"மான்ஹோ!" என்று கத்தினாள். "கும்ஹி!" காற்று எதிர்ப்பக்கமிருந்து அடித்துக்கொண்டிருந்தது.

காகிதம் இல்லாத வழி நம் வழி இல்லை என்று பதினைந்து வருஷம் நடந்து பழகிய கால்கள். மூன்றிலும் காகிதம் இல்லை. வேறு யாராக இருந்தாலும் மேடாகப் போகிற வழியில் ஏறியிருப்பார்கள், உச்சி மேலேதானே இருக்கும். ஒக்நாமோ சங்கத்து ஆளாகவே யோசித்தாள். அப்போது இடது பக்க வழியில் ஓக் மரக் கிளையில், வழி அடையாளத்துக்குக் கட்டுகிற மஞ்சள் ரிப்பன் ஒன்று ஆடியது. கிட்டப் போய்ப் பார்த்தாள். எழுத்து வெளுத்திருந்தது, ஆனாலும் சொல்பரம் சங்கத்தின் பெயர்தான். அப்பாடா என்று அந்த வழியில் இறங்கினாள். ஏழெட்டு நிமிஷ நடைக்கு ஒரு ரிப்பன் வந்துகொண்டே இருந்தது. ஆறாவது ரிப்பனில்தான் முடிச்சைக் கவனித்தாள். மீன் கோக்கிற முடிச்சு. சங்கத்தில் அப்படி முடிச்சுப் போடுகிறவள் ஒருத்திதான். ஒன்பது வருஷத்துக்கு முன் வேறொரு பள்ளத்தாக்குக்கு இறங்கியபோது அவளே கட்டிய ரிப்பன்கள் அவை.

"அட முண்டமே" என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அதற்குள் முக்கால் மணி நேரம் இறங்கியாயிற்று.

அந்தப் பழைய வழி இப்போது வழியாகவே இல்லை. புயலில் விழுந்த மரங்கள் குறுக்கே கிடந்தன. குட்டை மூங்கில் இடுப்புக்கு மேல் வளர்ந்து மூடியிருந்தது. திரும்பி ஏறலாம் என்று நாலு அடி வைத்தாள். இலைச் சருகு வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே ஓடைப்பள்ளம் வரை போய் நின்றாள். ஊன்றுகோல்களில் ஒன்று எங்கேயோ போயிற்று. உள்ளங்கை கிழிந்து ரத்தம் வந்தது. பள்ளத்தில் காற்றுச் சத்தம்கூட இல்லை.

அப்போது அவளுக்குப் பயம் வந்தது. சந்தையே நடுங்குகிற ஒக்நாம் அந்தப் பள்ளத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். செத்தால் என்ன என்று கூட அவளுக்குத் தோன்றியது. செத்தால் மான்ஹோ சொல்வதுதான் பேச்சாகிவிடும், கிழவி கீரை பறிக்கப் போய் விழுந்தாள் என்று ஆயுசுக்கும் சொல்லித் திரிவான் என்பதும் உடனே தோன்றியது. அழுகை நின்றுவிட்டது. முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்த வெள்ளரிக்காயைப் பாதி கடித்துத் தின்றாள். மீதியைக் காகிதத்தில் சுற்றி வைத்தாள்.

பள்ளத்தோடு கீழே போகக்கூடாது, அருவியில் கொண்டுபோய் விடும் என்பது அவளுக்குத் தெரியும். பக்கவாட்டில், மூங்கிலைப் பிடித்துப் பிடித்து, சரிவின் குறுக்கே நகர்ந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வெயில் முதுகுக்கு வந்திருந்தது. மூங்கில் காடு திடீரென்று முடிந்த இடத்தில் ஒரு சமாதி மேடு. புதர்க் காட்டு நடுவில், இப்போதுதான் முடி வெட்டிக்கொண்டு வந்தவன் தலை மாதிரி, புல் ஒட்ட வெட்டியிருந்தது.

ஒக்நாமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சுசொக் பண்டிகைக்கு முன்னால் பிள்ளைகள் வந்து முன்னோர் மேட்டில் புல் வெட்டாவிட்டால் ஊரில் தலை காட்ட முடியாது. வெட்ட மெஷின் வேண்டும். பெட்ரோல் ஊற்றிய மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு எந்தப் பிள்ளையும் மூங்கில் காட்டில் நீந்தி வரமாட்டான். அப்படியானால் வழி இருக்கிறது. மேட்டுக்குக் கீழ்ப்பக்கம் பார்த்தாள். இரண்டு ஆள் அகலத்துக்கு வெட்டிய பாதை இறங்கிப் போனது.

போகும் முன் இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டிய இரண்டு கும்பிடும் போட்டாள். முட்டி இரண்டும் கத்தின. மீதி வெள்ளரிக்காயை மேட்டு முன்னால் வைத்தாள்.

"பெரியவரே, நீங்க யாரு எவருன்னு தெரியாது. என்கிட்ட இருக்கறது இவ்ளோதான். உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும். முக்கியமா அந்த மெஷினைத் தூக்கிட்டு வந்த புள்ளை."

கீழே ஆப்பிள் தோட்டம் ஒன்று. பழம் பறித்துக்கொண்டிருந்த புருஷனும் பெண்டாட்டியும் இவளைப் பார்த்து ஏணியை விட்டு இறங்கினார்கள். போன் கொடுத்தார்கள். யாருக்குப் பேசுவது? எல்லோர் எண்ணும் அவள் போனில், போன் கும்ஹியின் கையில். மனப்பாடமாகத் தெரிந்தது இரண்டே எண்கள். ஒன்று அவள் கடையுடையது, மற்றது சாங்கிலுடையது. தோட்டக்காரர் மீட்புப் படைக்குப் பேசினார். அங்கே ஏற்கனவே பன்னிரண்டு பேர் டார்ச் விளக்கோடு மலைமேல் ஏறியிருந்தார்கள். சாப்பாட்டுப் பாறையில் பெட்டியைத் திறக்க நம்பர் சொல்லும்போதுதான் கும்ஹி பக்கத்தில் ஆள் இல்லாததைப் பார்த்து அலறியிருக்கிறாள். உச்சி ஏறாமலே கூட்டம் இறங்கியிருக்கிறது. கீழே உணவகத்தில் சொல்லி வைத்த நாற்பது கோழிச் சாறும் ஆறிப்போயிற்று.

கோழிச் சாறு ஆறியதைத்தான் அவர்களால் மன்னிக்க முடியவில்லை என்று ஒக்நாம் இன்றைக்கும் சொல்வாள்.

மறுநாள் சுவோனிலிருந்து மகன் போன் பண்ணினான். "அம்மா, இனிமே மலைக்குப் போகக்கூடாது. சொல்லிட்டேன்."

"ஒன்பது வயசுல நீ சந்தையில தொலைஞ்சு போன. இனிமே சந்தைக்கு வராதேன்னு நான் சொன்னேனா?"

"அது வேற அம்மா."

"என்ன வேற? உன்னைத் தேடி நான் வந்தேன். அது ஒண்ணுதான் வேற."

அவன் போனை வைத்துவிட்டான். அவன் வைத்த பிறகுதான் கும்ஹி வந்தாள். ஐம்பத்தைந்து வயதுக்காரி, அழுது அழுது கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அக்கா, கணவாயில உங்க நம்பரை நான்தான்..."

"என்ன வேணும்? நெத்திலியா? பெருசா, பொடிசா?"

"அக்கா! மான்ஹோ என்ன சொல்றார் தெரியுமா? கணவாயில இருபத்து மூணுன்னு குரல் கேட்டுச்சாம். அதுக்கப்புறம் நீங்களா கீரை பறிக்கக் காட்டுக்குள்ள போயிட்டீங்களாம். நான் எழுந்து சொல்லிடறேன்."

"சொன்னா உன் பேரை அடிச்சிடுவாங்க. மாசத்துல ஒரு ஞாயிறு, அந்த ஒரு நாளுக்கு உன் மாமியார்கிட்ட எத்தனை வருஷம் மல்லுக்கட்டினன்னு எனக்குத் தெரியாதா? வாயைத் திறந்த, கருவாட்டை அடைச்சிடுவேன். போ."

புதன்கிழமை சாயங்காலம் சூப்புக் கடையில் சங்கக் கூட்டம். தலைவர் யாங் தேசிக் அரிசி மண்டிக்காரர், பொறுமையாகப் பேசியே ஆளைக் கொல்கிறவர். இரண்டு விஷயம் என்றார். ஒன்று, ஒக்நாம் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டு, இனி அறுபது தாண்டிய பெண்கள் 'பி' குழு. சங்கத்தில் அறுபது தாண்டிய பெண் ஒக்நாம் ஒருத்திதான்.

பி குழு என்றால் மலை ஏறாமல் அடிவாரத்திலேயே ஏரிக்கரையைச் சுற்றி வந்து, டோஃபு சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸில் மற்றவர்களுக்காகத் தூங்கிக்கொண்டிருப்பது. ஒக்நாமுக்கு அது உயிரோடு உப்புக் கண்டம் போடுவது மாதிரி.

"அறுபது தாண்டின ஆம்பளை?" என்று கேட்டாள்.

"அக்கா, பேச்சை மாத்தாதீங்க" என்றான் மான்ஹோ. "கணவாயில நம்பர் சொன்னீங்க. என் காதால கேட்டேன். அப்புறம் எங்க போனீங்க? ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதையா இருக்கு."

கும்ஹி அசைந்தாள். ஒக்நாம் மேஜைக்கு அடியில் அவள் தொடையை ஒரு பிடி பிடித்தாள். கும்ஹி உட்கார்ந்துவிட்டாள்.

"தம்பி, அன்னிக்கு எத்தனை காகிதம் வச்சாங்க?"

"இருபத்தாறு."

"நீ எத்தனை எடுத்த?"

"இருபத்தாறும் எடுத்தேன்" என்று மான்ஹோ நெஞ்சை நிமிர்த்தினான். "பதினோரு வருஷத்துல ஒரு காகிதம் நான் விட்டதில்ல."

"ஒண்ணு குறைஞ்சா என்ன பண்ணுவ?"

"திரும்பிப் போய் எடுத்துட்டு வருவேன். மஞ்சுள்ளி மலையில மழையில ஒரு தடவை போயிருக்கேனே, எல்லாருக்கும் தெரியும். அதுதானே பின்தலைவர் வேலை."

"காகிதத்துக்குத் திரும்பிப் போவ" என்றாள் ஒக்நாம். "எனக்கு வரமாட்ட."

மான்ஹோவின் முகம் கறுத்துப்போயிற்று. யாங் தொண்டையைச் செருமிக்கொண்டு, உணர்ச்சிவசப்பட வேண்டாம், கை தூக்குங்கள் என்றார். இருபத்தொன்பது கைகள் எழுந்தன. பி குழு என்று முடிவாயிற்று. மன்னிப்பு?

"மன்னிப்பா? அந்த மூவழிக் கணவாயில வேணா போய்க் கேக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஒக்நாம் தன் சூப்பை முழுக்கக் குடித்து முடித்துத்தான் எழுந்தாள்.

அக்டோபரில் உச்சி பாக்கி நின்றுபோனதால் நவம்பரிலும் மேபொங் மலைதான். பஸ் மலை முகப்பில் நின்றது. ஏ குழு இறங்கியது, கூடவே ஒக்நாமும் இறங்கினாள்.

"அக்கா, நீங்க பி" என்றார் யாங்.

"பஸ் உங்க சங்கத்தோடது. மலை உங்க அப்பன் வீட்டு அரிசி மண்டியா?"

யாங் வானத்தைப் பார்த்தார். காலை நேரத்தில் இவளிடம் வாய் கொடுத்தால் உச்சிக்குப் போய்ச் சேர முடியாது என்று அவருக்குத் தெரியும். கூட்டம் ஏற ஆரம்பித்தது. ஒக்நாம் ஒரு கல்லில் உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள். ஒவ்வொருவராகத் தாண்டிப் போனார்கள். கடைசியில் மான்ஹோ மட்டும் நின்றான்.

"நடங்க அக்கா. நான்தான் கடைசி."

"உன் கணக்குல நான் இல்லையே. பி குழு ஆளு. நீ போ."

மான்ஹோ போனான். பதினைந்து நிமிஷத்தில் முதல் காகிதம் வந்தது. குனிந்து கல்லைத் தூக்கினவன் திரும்பிப் பார்த்தான். இருபது அடி பின்னால், ஒற்றை ஊன்றுகோலோடு, ஒக்நாம் நின்றுகொண்டிருந்தாள்.

"எடு" என்றாள். "பின்னாடி ஆள் நிக்கும்போதே எடுத்தான்னு இந்தத் தடவை நானே சாட்சி."

அவன் கல்லை மறுபடி வைத்துவிட்டு விறுவிறுவென்று நடந்தான். ஒக்நாம் மெதுவாக வந்து, காகிதத்தை எடுத்து மடித்து மேல்சட்டைக்குள் வைத்துக்கொண்டாள். இரண்டாவது காகிதத்திலும் அவன் நின்றான், பார்த்தான், போனான். மூவழிக் கணவாய் வருவதற்குள் அவளிடம் எட்டுக் காகிதம் சேர்ந்துவிட்டது. வழியில் டோஃபுக் கடை யோங்சுன், பதினோராம் நம்பர், மான்ஹோவை முன்னால் போகவிட்டுத் தயங்கித் தயங்கி நின்றாள்.

"ஒதுங்கணுமா?"

"மெதுவா பேசுங்க அக்கா!"

"எதுக்கு மெதுவா? மூத்திரம் வர்றது குத்தமா?" ஒக்நாம் வழியின் நடுவே முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். "போய் நிதானமா வா. பின்னாடி யாரும் இல்ல. நான்தான்."

கணவாயில் மான்ஹோ ஒரு பாறையில் உட்கார்ந்திருந்தான். தோளில் காலிப் பை. எழுந்திருக்கவில்லை.

"அன்னிக்கு மீட்புப் படையோட நானும் திரும்ப ஏறினேன்" என்றான். "உங்க பேரைக் கத்திக் கத்தித் தொண்டை போச்சு. மூணு நாள் கடையில எழுதிக் காட்டித்தான் வியாபாரம் பண்ணேன். தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. எனக்குக் கேக்கல."

அவன் காலிப் பையின் வாரைத் திருகினான்.

"அன்னிக்கு மதியம் இதே இடத்துல ஒரு தடவை கத்தியிருந்தா கேட்டிருக்கும்" என்றாள் ஒக்நாம். "பாறைக்கு அந்தாண்டதான் இருந்தேன். உன் பாட்டு எனக்குக் கேட்டுச்சு."

"அப்ப ஏன் குரல் குடுக்கல?"

"குடுத்தா என்ன பண்ணியிருப்ப?"

மான்ஹோ தன் பூட்ஸைப் பார்த்தான். என்ன பண்ணியிருப்பான் என்று அவனுக்கே தெரியும், பாசனம் என்று கத்தியிருப்பான். தோளிலிருந்து பையைக் கழற்றினான். கொடுக்கவில்லை, பாறைமேல் வைத்தான். எழுந்து முன்னால் நடந்தான். அவன் கோபமாகப் போனானா வெட்கப்பட்டுப் போனானா என்று ஒக்நாம் கவலைப்படவில்லை. எட்டுக் காகிதத்தையும் பைக்குள் போட்டு மாட்டிக்கொண்டாள். யோங்சுன் வந்து சேர்ந்த பிறகு கணவாய்க் காகிதத்தை எடுத்தாள். இடது பக்க ஓக் மரத்துக்கும் போய், பழைய மஞ்சள் ரிப்பனைப் பல்லால் கடித்து அவிழ்த்து அதே பைக்குள் போட்டாள்.

சாப்பாட்டுப் பாறையில் எல்லோரும் மடியில் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். யாங் நம்பர் என்றார். ஒன்று, இரண்டு என்று ஓடியது. பத்து வந்தது. அதற்கு மேல் சத்தம் இல்லை.

"பதினொண்ணு?" என்றார் யாங். ஒருத்தியும் குரல் மாற்றிச் சொல்லவில்லை.

"வரல" என்றாள் பன்னிரண்டு. "பன்னெண்டு!"

இருபத்திரண்டு வரை வந்து மறுபடி நின்றது. மான்ஹோவோடு சேர்ந்து பாதிக் கூட்டம் கும்ஹியைத் திரும்பிப் பார்த்தது. கும்ஹி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"இருபத்து மூணு இன்னும் வரல" என்றாள். "போன மாசமும் வரல. நான்தான் சொன்னேன். இருபத்து நாலு!"

யாங் மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "விதிப்படி பேரை அடிக்கணுமே."

"அப்ப என் பேரையும் அடிங்க" என்றாள் பன்னிரண்டு. "ஜூன் மாசம் பதினொண்ணுக்கு நான் சொன்னேன்."

"எனக்குப் பதினேழு சொல்லியிருக்கா, பதினேழுக்கு நான் சொல்லியிருக்கேன்" என்றாள் முப்பத்தொன்று. "எல்லாரையும் அடிச்சிட்டு நீங்க ஆம்பளைங்களே போய் வாங்க. ஆனா கிம்ச்சியை இப்பவே எடுத்துட்டுப் போயிடுவோம்."

சிரிப்பு எழுந்தது, இந்த முறை பெண்கள் பக்கத்திலிருந்து. யாங் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு, மீதி எண்களைச் சொல்லுங்கள் என்றார். முப்பத்தேழு வரை வந்தது.

"முப்பத்தெட்டு" என்றான் மான்ஹோ.

எல்லோரும் அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார்கள். மான்ஹோ வாயை மூடிக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தான். பசி நேரம். பெட்டிமேல் வைத்த கைகள் அப்படியே இருந்தன. காய்ந்த இலையில் ஊன்றுகோல் குத்துகிற சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது.

"பதினொண்ணு!" என்று மரங்களுக்குள்ளிருந்து யோங்சுன் கத்தினாள்.

"இருபத்து மூணு!" நாலு கடை தாண்டிக் கேட்கிற குரல். பாறை விளிம்பில் முதலில் வெள்ளைத் தலை தெரிந்தது, அப்புறம் பை. ஒக்நாம் மேலே ஏறி நின்று மூச்சு வாங்கினாள். தான் வந்த வழியை ஒரு முறை கடைசிவரை திரும்பிப் பார்த்தாள். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"கடைசி!" என்றாள்.

அதற்கப்புறம்தான் சோற்றுப் பெட்டிகளைத் திறந்தார்கள்.